அப்பா 11 வருடம் கல்நார் ஆலையில் இருந்தார், இப்போது எக்ஸ்ரேயில் தடிப்பு: கேன்சர் வருமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. அப்பாவுக்கு 66 வயது. 1988 முதல் 1999 வரை ஒரு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சிமெண்ட் ஆலையில், மூட்டையைக் கிழித்து நாரைக் கொட்டும் பிரிவில் இருந்தார். வேலையை விட்டுக் கால் நூற்றாண்டு ஆன பிறகு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே அறிக்கையில் ‘இரு பக்கமும் ப்ளூரா தடிப்பு, கால்சியம் படிவு’ என்று எழுதியிருக்கிறது. இன்னமும் நாளுக்கு நாலைந்து பீடி பிடிக்கிறார். அவருக்கு கேன்சர் வருமா, அவர் சட்டையைத் துவைத்த அம்மாவுக்கும் வருமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் நேராகக் கேட்காத ஒன்றும் உள்ளே இருக்கிறது: இந்தத் தடிப்பே கேன்சரின் ஆரம்பமா? அதற்குத்தான் முதல் பதில். இல்லை.

நுரையீரலைச் சுற்றி இரண்டு தாள் கொண்ட ஒரு மெல்லிய உறை உண்டு, அதுதான் ப்ளூரா. கல்நார் தூசியில் வேலை செய்தவர்களுக்கு அதன் வெளித்தாளில் தட்டையான தழும்புத் திட்டுகள் வரும். டாக்டர்கள் இதை ப்ளூரல் பிளாக் என்பார்கள். தூசி முதன்முதலில் பட்டு 20 வருடம் ஆகும் முன் படத்தில் தெரிவது அரிது. வருடம் போகப் போக அதில் கால்சியம் ஏறும், அப்போது எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாக விழும். இந்தத் திட்டு புற்றாக மாறுவதில்லை. ஆனால் நார் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. அப்பாவின் வேலை வரலாறு தெரியாத டாக்டர்கூட இதைப் பார்த்தால் ‘எங்கே வேலை செய்தீர்கள்’ என்று கேட்க வேண்டும்.

ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து நீங்களே பார்க்கலாம். உதரவிதானத்தின் வளைவின் மேல் முட்டை ஓட்டுத் துண்டை ஒட்டி வைத்தது போல ஒரு வெள்ளைக் கீற்று தெரிகிறதா? அப்படியானால் கல்நார் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அடுத்த இடம் 6ஆவது விலா எலும்பிலிருந்து 9ஆவது வரை உள்ள பக்கச்சுவர். கல்நார் பிளாக் பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். நுரையீரலின் உச்சியும், கீழே விலாவும் உதரவிதானமும் சேரும் கூர்மையான மூலையும் தப்பியிருக்கும். மாறாக ஒரே பக்கம் தடித்து, அந்த மூலை மழுங்கி, உச்சியிலும் தழும்பு இருந்தால் பழைய காசநோயையோ, சீழ் கட்டியதையோ, எப்போதோ அடிபட்டு ரத்தம் தேங்கியதையோ முதலில் நினைக்க வேண்டும். உடம்பு பருமனானவர்களுக்கு விலாவுக்கு உள்ளே படியும் கொழுப்பும் எக்ஸ்ரேயில் தடிப்பு போலவே ஏமாற்றும். சி.டி. எடுத்தால்தான் வேறுபாடு தெரியும்.

பிளாக்கைவிட எனக்குக் கவலை தருவது மூச்சு வாங்குவது. சில திட்டுகள் மட்டும் இருந்தால் மூச்சு வாங்குவது வழக்கமில்லை. ‘தடிப்பு இருக்கிறது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது’ என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. காரணம் நாலைந்து இருக்கலாம்: நுரையீரலுக்குள்ளேயே நார் ஏறிய தழும்பு, அதாவது ஆஸ்பெஸ்டோசிஸ்; பீடியால் வந்த சி.ஓ.பி.டி. என்ற மூச்சுக்குழாய் அடைப்பு நோய்; இதயம்; ரத்தசோகை; உறை முழுக்கப் பரவலாகத் தடித்து நுரையீரலை விரியவிடாமல் கட்டிப்போடுவது. ஆஸ்பெஸ்டோசிஸ் வரும் விதம் எளிது. நுரையீரலின் காற்றறையில் குப்பை அள்ளும் செல்கள் தங்களைவிட நீளமான நாரை முழுதாக விழுங்க முடியாமல் பாதியில் சாகின்றன. சாகும்போது கக்கும் பொருள்கள் சுற்றியிருக்கும் திசுவைத் தழும்பாக்குகின்றன. நார் எளிதில் கரையாததால் இது வேலையை விட்ட பிறகும் நடக்கும். தழும்பு நுரையீரலின் அடிப்பகுதியில் தொடங்கும். முதுகில் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்து ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னால், மூச்சின் கடைசியில் வெல்க்ரோவைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்கும். இருமினாலும் அது போகாது.

ஆகவே கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள் மூன்று. முதலாவது ஸ்பைரோமெட்ரி. எஃப்.வி.சி., அதாவது முழு மூச்சிழுத்து மொத்தமாக ஊதும் காற்றின் அளவு, குறைந்து, அதில் முதல் நொடியில் வெளிவரும் பங்கான எஃப்.இ.வி.1–எஃப்.வி.சி. விகிதம் சரியாக இருந்தால் நுரையீரல் விரிய மறுக்கிறது; விகிதம் 0.70க்குக் கீழே போனால் குழாய் அடைப்பு, அதாவது பெரும்பாலும் பீடி. இரண்டும் கலந்திருப்பதும் சகஜம். இரண்டாவது டி.எல்.சி.ஓ., நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன். தழும்பு நோயில் முதலில் குறைவதில் இதுவும் ஒன்று. சிறிய லேப்களில் இருக்காது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். மூன்றாவது ஹெச்.ஆர்.சி.டி., நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சி.டி.; அதைக் குப்புறப் படுக்கவைத்தும் எடுக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்க நுரையீரல் தன் எடையாலேயே அமுங்கி வெள்ளையாகத் தெரியும். ஆரம்ப ஆஸ்பெஸ்டோசிஸும் அதே இடத்தில் அப்படித்தான் தெரியும். குப்புறப் படுத்தும் வெள்ளை மறையாவிட்டால் அது நிஜம். சி.டி. சீட்டில் ‘மூச்சுத் திணறல்’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள். ‘1988–1999 கல்நார் ஆலை, மூட்டை கொட்டும் வேலை’ என்று எழுதச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் வரும் ஐ.பி.எஃப். என்ற தழும்பு நோயும் படத்தில் இதே சாயலில் இருக்கும். பிரித்துக் காட்டுவது பிளாக்கும் வேலை வரலாறும்தான்.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: நிழல் தெரிந்தால் ஆறு மாதம் டி.பி. மாத்திரை. காசநோய் இங்கே அதிகம் என்பதால் சந்தேகப்படுவது சரிதான். ஆனால் சளியில் சி.பி.நாட் என்ற, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை செய்யாமல் மாத்திரையைத் தொடங்குவது சரியல்ல. இனி எப்போதாவது அவருக்கு ஒரு பக்க நெஞ்சில் நீர் கோத்தால் இன்னும் கவனம் தேவை. அது டி.பி.யாக இருக்கலாம், கல்நாரால் வரும் தீங்கற்ற நீராக இருக்கலாம், மீசோதீலியோமா என்ற ப்ளூரா புற்றாகவும் இருக்கலாம். ஊசியில் எடுத்த நீரில் ‘கேன்சர் செல் இல்லை’ என்று வந்தால் மீசோதீலியோமா இல்லை என்று ஆகாது. நீர்ச் சோதனையில் தப்பிவிடும் நோய் அது. நீர் திரும்பத் திரும்பக் கோத்தால் தோராகோஸ்கோபி மூலம், அதாவது நெஞ்சுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதிப்பதுதான் வழி. நீர் இல்லாமலே ஒரு பக்கம் மட்டும் விடாத நெஞ்சுவலி, எடை குறைதல், சளியில் ரத்தம் என்றாலும் தாமதிக்க வேண்டாம்.

இனி கேன்சர். இங்கே ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லிலிட்டர் காற்றில் ஒரு நார் மிதக்கும் இடத்தில் ஒரு வருடம் வேலை செய்தால் அது ஒரு நார்-ஆண்டு. நார் என்று எண்ணப்படுவது 5 மைக்ரானுக்கு மேல் நீளம், 3 மைக்ரானுக்குக் குறைவான தடிமன், நீளம் தடிமனைப் போல் மூன்று மடங்காவது இருப்பது; வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சராசரியாக 2 நார் என்று வைத்தால் அப்பாவின் 11 வருடம் 22 நார்-ஆண்டு. 5 என்று வைத்தால் 55. 1997இல் ஹெல்சின்கியில் நிபுணர்கள் கூடி வகுத்து, 2014இல் புதுப்பித்த அளவுகோலின்படி, 25 நார்-ஆண்டைத் தொட்டால் நுரையீரல் புற்று அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மூட்டை கிழித்துக் கொட்டும் இடமும், நாரை உலர்வாக அரைத்துப் பிரிக்கும் இடமும்தான் அந்த ஆலைகளில் மிக மோசமானவை. தண்ணீரும் சிமெண்டும் சேர்ந்து கூழான பிறகு தூசி அடங்கிவிடும். ஆகவே அவருடைய அளவு குறைவாக இருந்திருக்க வாய்ப்பில்லை. காலிப் பையை உதறி மடித்தார்களா, தரையைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்கினார்களா, தூசி உறிஞ்சும் குழாய் ஓடியதா என்று அவரிடம் கேளுங்கள். அளவீட்டுத் தாள் கைக்கு வராதவரை இந்தப் பதில்களே நம்மிடம் உள்ள அளவுகோல்.

‘இரட்டிப்பு’ என்றால் எதன் இரட்டிப்பு என்பதுதான் முக்கியம். புகைக்காதவரின் அபாயம் மிகச் சிறியது, இரட்டித்தாலும் சிறியதே. புகைப்பவருக்கு அடிப்படையே பெரிது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வெப்பக் காப்பு வேலை செய்த 17,800 தொழிலாளரைப் பின்தொடர்ந்து 1979இல் ஹாமண்ட், செலிகாஃப், சீட்மன் மூவரும் வெளியிட்ட கணக்கு இன்றும் பேசப்படுகிறது. இரண்டும் இல்லாதவரின் நுரையீரல் புற்றுச் சாவை 1 என்று வைத்தால் கல்நார் மட்டும் 5, புகை மட்டும் 11, இரண்டும் சேர்ந்தால் 53. அவர்களுடைய தூசி வேறு, நாரும் வேறு. 53ஐ அப்படியே அப்பாவுக்குப் பொருத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கூட்டல் கணக்கைத் தாண்டிப் போகிறது என்பது மட்டும் உறுதி. 2013இல் அதே தொழிலாளர்களைப் பற்றி வந்த ஆய்வு ஆறுதலானது: புகையை விட்டவர்களுக்கு 10 ஆண்டுக்குள்ளாகவே நுரையீரல் புற்றுச் சாவு தெளிவாகக் குறைந்தது. உள்ளே போன நாரை யாராலும் எடுக்க முடியாது. பீடியை நிறுத்தலாம். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் அதைச் செய்யுங்கள்.

மீசோதீலியோமா வேறு கணக்கு. புகைப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கல்நார் படாதவர்களிடம் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவில்தான் வரும். பட்டவர்களிடம் முதல் தூசியிலிருந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதைப் பொறுத்து வேகமாக ஏறும். 20 முதல் 50 வருட இடைவெளி வழக்கம். அதனால் ‘விட்டு 25 வருடம் ஆயிற்று, தப்பித்தோம்’ என்று சொல்ல முடியாது. அதே நேரம், அந்த 17,800 பேரில், அவ்வளவு கடுமையான தூசிக்குப் பிறகும், இறந்தவர்களில் 100க்கு சுமார் 9 பேர்தான் இந்த நோயால் இறந்தார்கள். வெள்ளைக் கல்நார் மட்டும் கையாண்டவர்களுக்கு இது அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஒரு தனி மனிதருக்கு வருமா வராதா என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. அப்படிச் சொல்லி விற்கப்படும் ‘மார்க்கர்’ டெஸ்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

வெள்ளை என்றேன். எந்த நிற நார் என்பது உண்மையிலேயே பெரிய வேறுபாடு. வெள்ளை என்பது கிரிசோடைல், சுருண்ட நார், நுரையீரலில் ஓரளவு சிதையும். பழுப்பு அமோசைட், நீலம் குரோசிடோலைட். இரண்டும் நேரான ஊசிகள், பல பத்தாண்டு அப்படியே கிடக்கும். ஹாட்ஜ்சன், டார்ன்டன் இருவரும் 2000இல் போட்ட மதிப்பீட்டில் மீசோதீலியோமா அபாயம் வெள்ளைக்கு 1 என்றால் பழுப்புக்கு 100, நீலத்துக்கு 500. கூரை ஷீட்டில் பெரும்பாலும் வெள்ளைதான். ஆனால் அழுத்தம் தாங்க வேண்டிய சிமெண்ட் குழாய்களில் நீல நாரைக் கலப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. ஆகவே அப்பாவிடம் ‘ஷீட் லைனா, பைப் லைனா, மூட்டைக்குள் என்ன நிறம்’ என்று கேளுங்கள். பல பேருக்குத் துல்லியமாக நினைவிருக்கும்.

சர்ச்சை இருப்பது வெள்ளையில்தான். எல்லா வகையும் மனிதருக்குப் புற்று தருபவை என்று சர்வதேசப் புற்று ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. அதில் சந்தேகம் இல்லை. வெள்ளை எவ்வளவு குறைந்த ஆபத்து என்பதில்தான் கருத்து வேறுபாடு. கனடாவின் கியூபெக் சுரங்கத் தொழிலாளரிடம் வெள்ளைக் கல்நார் உண்டாக்கிய நுரையீரல் புற்று குறைவு. தென் கரோலினாவில் அதே நாரை நூற்று நெய்த ஆலையில் ஒரே அளவு தூசிக்குப் பல மடங்கு அதிகம். நெசவுக்கு நீள நார் வேண்டும் என்பது ஒரு விளக்கம். இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டுதான் ‘கட்டுப்பாட்டுடன் பயன்படுத்தலாம்’ என்கிறது தொழில்துறை. ஆனால் மூட்டை கொட்டுபவர் சுவாசித்த தூசியில் கட்டுப்பாடு எங்கே இருந்தது? (இதில் அரசியலும் உண்டு. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்தது என்று, கல்நார் ஏற்றுமதி செய்யும் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது; இலங்கை தன் கல்நார்த் தடையைத் தள்ளிவைத்தது.) இந்தியா சொந்தமாக வெட்டி எடுப்பதை நிறுத்திவிட்டு இறக்குமதி செய்துகொண்டிருக்கிறது.

அம்மாவைப் பற்றி. வீட்டுக்கு வந்த தூசியால் நோய் வரும் என்பது நிரூபணமான விஷயம். 1965இல் நியூஹவுஸ், தாம்சன் இருவரும் லண்டனில் 76 மீசோதீலியோமா நோயாளிகளின் வரலாற்றை எடுத்தபோது 9 பேர் ஆலைக்கே போனதில்லை. வீட்டில் ஒருவர் போனார். அவர்களில் பெரும்பாலோர் கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவிமார். அங்கே நீல நாரும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். உங்கள் அம்மாவின் அபாயம் அப்பாவைவிட வெகு குறைவு, சுழியம் அல்ல. ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்து அடிப்படைப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். அறிகுறி இல்லாமல் வருடா வருடம் சி.டி. எடுப்பதால் அவருக்கு நன்மை இல்லை.

மருந்து பற்றிச் சுருக்கமாக. தழும்பைக் கரைக்கும் மருந்து கிடையாது. ஹெச்.ஆர்.சி.டி.யில் தழும்பு தெரிந்து, அது கூடிக்கொண்டே போனால் நின்டெடனிப் அதன் வேகத்தைக் குறைக்கலாம். இழந்ததைத் திருப்பித் தராது. ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும், நிமோகாக்கல் தடுப்பூசி டாக்டர் சொல்படி. நடக்கும்போது விரல் மீட்டரில் ஆக்ஸிஜன் 88க்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்கினால் ஆக்ஸிஜன் பற்றிப் பேச வேண்டும். குறைந்த கதிர் சி.டி. மூலம் வருடாந்திரப் பரிசோதனை, புகையும் கல்நாரும் சேர்ந்தவர்களுக்குப் பொருள் உள்ளது. அப்பா அந்த வகையில் வருகிறாரா என்று நுரையீரல் டாக்டரிடம் கேளுங்கள். ஆலையில் கொடுத்த வெல்லத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1994இல் லக்னோ ஆய்வாளர்கள் எலிகளில் வெல்லம் நுரையீரல் தூசியை நகர்த்துவதாக எழுதினார்கள். மனிதரில் அது நோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பல ஆலைகளில் அது முகக்கவசத்துக்குப் பதிலாகத் தரப்பட்டது, அதுதான் தவறு.

அடுத்தது காகிதம், இதில் அவசரம் உண்டு. 1995 ஜனவரி 27 அன்று, அகமதாபாத் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 வருடம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை ஆலை வைத்திருக்க வேண்டும். அப்பா சேர்ந்தது 1988. கணக்குப்படி 2028 வரை. பழைய எக்ஸ்ரே, மருத்துவச் சோதனைத் தாள், தூசி அளவீடு ஆகியவற்றின் நகல் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றில் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். காண்ட்ராக்டர் வழியாக வேலை செய்திருந்தால் கூட வேலை பார்த்த இருவரின் எழுத்து வாக்குமூலம் உதவும். ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய். கண்டறியும் டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்தான் அதற்கான துறை. பெரும்பாலான டாக்டர்கள் இதை எழுதுவதில்லை, ஆகவே நீங்கள் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் ‘ஐ.எல்.டி.’ (நுரையீரல் திசு நோய்களுக்கான பொதுப்பெயர்) என்று மட்டும் இருந்தால் இழப்பீட்டுக்கு உதவாது. ‘கல்நார் தொழிலால் வந்த ஆஸ்பெஸ்டோசிஸ்’ என்ற சொல் வேண்டும். பிளாக் மட்டும், மூச்சுத்திறன் குறையவில்லை என்று முடிந்தால் இழப்பீடு கிடைப்பது கடினம். அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக, வீட்டின் பின்கட்டில் உள்ள பழைய கல்நார்க் கூரை ஷீட்டைத் தம்பி மாற்றப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். உடையாமல் கிடக்கும் ஷீட்டால் கீழே இருப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. கட்டிங் மெஷினை வைத்த நொடியில் நிலைமை மாறும். ஷீட்டின் மேல் ஏறவே வேண்டாம். பழையது உடைந்து ஆள் விழுந்து சாவது கேன்சரைவிட உடனடியான ஆபத்து. இரு பக்கமும் சோப்பு கலந்த தண்ணீரைப் பீய்ச்சி நனைத்து, ஜே போல்ட் நட்டைக் கழற்றுங்கள். துருப்பிடித்து வராவிட்டால் போல்ட்டை வெட்டுங்கள், ஷீட்டை உடைக்காதீர்கள். முழுசாகக் கைமாற்றி இறக்குங்கள், மேலிருந்து போடாதீர்கள். துண்டும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்குப் பயன்படாது. முகத்தில் ஒட்டி நிற்கும் எஃப்.எஃப்.பி.3 அல்லது பி100 தர வடிகட்டி முகக்கவசம் வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. கழற்றியதைத் தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி ஒட்டி, அபாயக் கழிவை யார் எடுப்பார்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தெருப் பள்ளத்தில் கொட்டி நிரவாதீர்கள். அன்று போட்ட துணியை அங்கேயே நனைத்துக் கழற்றிப் பையில் கட்டிவிடுங்கள். வீட்டு வாஷிங் மெஷினுக்கு அது போக வேண்டாம்.